பின்னறைச் செடிகள்

வண்டியில் வரும்போது ஒன்று கேட்டீர்கள், மேடம். உங்கள் வீட்டுக்காரர் உங்கள் பிறந்த நாளுக்கு ஒரு ஆர்கிட் வாங்கி வந்தார், மூன்றே வாரத்தில் மொட்டெல்லாம் உதிர்ந்துவிட்டது, ஏன் என்று. பேச்சுக்குக் கேட்டீர்களோ, என்னைப் பேசவைக்கக் கேட்டீர்களோ தெரியாது. எப்படியிருந்தாலும் நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டு, நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதற்கு வருகிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் பூவைப் பார்த்து வாங்கியிருப்பார். முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். நாங்கள் விற்பது அந்துப்பூச்சி ஆர்கிட். பூ விரிந்தால் அந்துப்பூச்சி சிறகை விரித்து உட்கார்ந்த மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பெயர். அதில் பூவைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். செடி, கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் தொட்டியில்தான் இருக்கும். தொட்டியைத் தூக்கி வேரைப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளி பூசினது போலவோ கெட்டியாக இருக்க வேண்டும். பழுப்பாகி சொதசொதவென்று இருந்தால், மேலே எத்தனை பூ இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அடியைப் பிடித்து லேசாக அசையுங்கள். ஆடினால் வேர் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இலைக்கு அடியில் பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. முக்கியமாக, கடை வாசலில் கதவு திறந்து திறந்து மூடுகிற இடத்தில் இருக்கிற செடியைத் தொடவே தொடாதீர்கள். காற்று மாறி மாறி அடித்தால் மொட்டு நிற்காது. உங்கள் செடிக்கு நடந்தது அதுதான்.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. முப்பது வருஷத்தில் கற்றுக்கொண்டது. என் மருமகளுக்குத் தெரிந்தது வேறு.

எங்கள் வீட்டைப் பார்த்திருக்கிறீர்கள். முன்பக்கம் வீடு, பின்பக்கம் கண்ணாடிக் கூடம், செடிக் கடையும் அதுதான். என் மனைவி, மகன் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டாள். மகன் நில அளவை வேலையில் இருந்தான். கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் ஆவதற்குள் ஒரு வளைவில் லாரி வந்து மோதியது. மருமகளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஒரு மாதம் அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. பிறகு ஒரு காலை, எதுவும் சொல்லாமல் கூடத்துக்குள் வந்து என் கையிலிருந்த தண்ணீர்க் குழாயை வாங்கிக்கொண்டாள். நான் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது என்று சொல்லலாம்.

அவளுக்கு ஒரு கண் இருந்தது, மேடம். இந்தச் செடிகள் விதையிலிருந்து கண்ணாடிக் குடுவைக்குள் வளர்ந்து வரும். ஒரு குடுவையில் முப்பது நாற்று. எல்லாம் ஒரு தாய் பிள்ளைகள்தான், ஆனால் ஒன்று போல் ஒன்று பூக்காது. எது நன்றாகப் பூக்கும் என்று தெரிய இரண்டு மூன்று வருஷம் ஆகும். அத்தனையையும் வைத்து வளர்க்க யாருக்கும் இடம் கிடையாது. பாதியை முன்னாலேயே கழிக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டுதான். மருமகள் விரல் நகமளவு இலையைப் புரட்டிப் பார்த்து, இது, இது, இது வேண்டாம் என்பாள். எனக்கு நம்பிக்கையில்லை. அவள் கழித்ததை எல்லாம் தெரியாமல் ஒரு மூலையில் வளர்த்துப் பார்த்தேன். இரண்டு வருஷம் கழித்து அவள் எடுத்த பத்தில் எட்டு, பார்க்கிறவர் அப்படியே நின்றுவிடுகிற மாதிரிப் பூத்தது. அவள் கழித்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை.

வாங்க வருகிறவர்களிடமும் அப்படித்தான். காட்டு இனம் வேண்டும் என்று வந்து நிற்பார்கள். சின்னப் பூ, மணம் வரும், அதில் ஒரு பெருமை. எங்கே வைப்பீர்கள், வீட்டில் யார் யார், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள் என்று இவள் நிதானமாகக் கேட்பாள். கேட்டுவிட்டு, "சார், இது காட்டுல வளர்ந்தது. உங்க வீட்டு ஏசியில பாவம் செத்துடும். இந்தக் கலப்பினத்த எடுத்துட்டுப் போங்க. இது உங்க மறதியையும் தாங்கும்" என்பாள். அவர்களும் சிரித்துக்கொண்டே அவள் சொன்னதை வாங்கிப் போவார்கள். கடைக்கு வருகிறவர்கள் என் பெயரைச் சொல்லி வருவது நின்று, மருமகள் பொறுக்கிய செடி இருக்கிறதா என்று கேட்டு வர ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் பொறாமை இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் குடுவை கொண்டுவந்து தருகிறவர் ஒருவர். ஆய்வகம் வைத்திருக்கிறார், நாலு மணி நேரம் தள்ளி. குடுவைக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது வயது இருக்கும், மூக்குக் கண்ணாடி, அதிகம் பேச மாட்டார். மருமகள் நாற்று பொறுக்குவதை ஒரு நாள் ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். அடுத்த மாதம் அவளுக்கு வேலை தருவதாகச் சொன்னார். மருமகள் அதை என்னிடம் மறைக்கவில்லை. சாப்பிடும்போது சொன்னாள். அங்கே நாற்றுப் பொறுக்குகிற பிரிவு முழுக்க அவள் கையில் இருக்கும், தங்க இடம் தருகிறார்கள் என்று.

"யாரு வேண்டாம்னா. போயிட்டு வாம்மா" என்றேன். என் வாயால் நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவள் மகரந்தம் சேர்த்து உருவாக்கிய முதல் கலப்பினம் அப்போது மொட்டு வைத்திருந்தது. அது பூக்கிறவரைக்கும் இருந்துவிட்டுப் போ என்றேன். இருந்தாள். பூத்தது. வெள்ளையில், நடுவில் மட்டும் தேன் நிறம். பிறகு காட்டு இனங்கள் கொஞ்சம் வரவேண்டியிருந்தது, அதைப் பிரித்து வைத்துவிட்டுப் போ என்றேன். இருந்தாள். பிறகு என் முழங்கால் அறுவை. அதற்கும் இருந்தாள், ஆறு வாரம் கழிவறை வரை தாங்கிப் பிடித்துக் கூட்டிப் போனாள். நல்ல பெண், மேடம். மூன்று தடவையும் முகம் சுளிக்கவில்லை.

நாலாவது தடவை அவள் என்னைக் கேட்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் பெட்டியோடு வராந்தாவில் நின்றாள். பதினொன்றரைக்கு பஸ் என்றாள். நான் சரி என்றேன். பின்னறையில் மூன்று பெட்டி புதுச்செடி வந்திருக்கிறது, போவதற்கு முன்னால் எது நிற்கும் எது நிற்காது என்று ஒரு பார்வை பார்த்துச் சொல்லிவிடேன் என்றேன். பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். செருப்பைக்கூட அவிழ்த்துவிட்டு உள்ளே போனாள். நான் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினேன்.

பின்னறை என்றால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. புதிதாக வாங்கிய செடியை நேரே மற்றச் செடிகளோடு வைக்கக் கூடாது. என்ன பூச்சி, என்ன நோய் கொண்டுவருகிறது என்று தெரியாது. ஒரு மாதம் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். அதற்காகக் கட்டிய அறை. செங்கல் சுவர், ஜன்னல் இல்லை, செடிக்கென்று போட்ட விளக்கு பகல் மாதிரி எரியும். உள்ளேயே கழிவறை. தட்டுகளை உள்ளே வெளியே தள்ள இடுப்பு உயரத்தில் ஒரு சின்னத் திறப்பு, அதற்கு இரும்பு மூடி. காற்றுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன். நான் எதையும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அறையில் கட்டிலும் மெத்தையும் முந்தின வாரமே போட்டிருந்தீர்களே என்று உங்கள் அதிகாரி கேட்டார். உண்மைதான். அது வாட்ச்மேனுக்காக வாங்கியது. எங்களுக்கு வாட்ச்மேன் கிடையாது, ஆனால் வைக்கலாம் என்று ஒரு எண்ணம் இருந்தது.

ஐந்து நிமிஷம் கழித்து உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "மாமா, கதவு மாட்டிக்கிச்சு பாருங்க."

"தெரியும்மா" என்றேன்.

கைப்பிடியை ஒரு தடவை திருப்பிப் பார்த்து விட்டுவிட்டாள். அவள் யோசிக்கிறாள் என்று புரிந்தது. பிறகு மூன்று நாள் கத்தினாள். ஃபேன் சத்தத்தில் பத்தடி தள்ளி ஒன்றும் கேட்காது. நான் நின்று பார்த்திருக்கிறேன்.

அவளுக்கு அம்மா அப்பா இல்லை. அண்ணன் ஒருவர். அவருக்கு நானே போன் செய்து, உங்கள் தங்கை குடுவைக்காரரோடு போய்விட்டாள், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள் என்றேன்.  "இனிமே எனக்குத் தங்கச்சின்னு ஒருத்தி இல்லைங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். இருபத்திரண்டு மாதத்தில் ஒரு தடவைகூட அவர் மறுபடி கேட்கவில்லை. குடுவைக்காரரிடம், அண்ணன் வந்து கூட்டிப் போய்விட்டார், வேலைக்கு அனுப்ப அவர்களுக்கு இஷ்டமில்லை என்றேன். அவர் சரி என்று குடுவைகளை இறக்கி வைத்துவிட்டுப் போனார். ஆளுக்கொரு வரி சொன்னேன், அவ்வளவுதான். இந்த ஒரு பெண்ணைத் தேடுவதற்கு இரண்டு பேர் இருந்தார்கள், இரண்டு பேருக்கும் ஒரு வரி போதுமாக இருந்தது. அதை நினைத்து நான் வருத்தப்பட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட ஆட்களிடம் இவளை அனுப்பாததே நல்லது என்றும் தோன்றியது.

பதினோரு நாள் அவள் சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தாள். தட்டு போனபடியே திரும்பி வரும். அந்தப் பதினோரு நாளும் நானும் சரியாகச் சாப்பிடவில்லை. பன்னிரண்டாவது நாள் திறப்பு வழியாகச் சொன்னாள்: "மாமா, சும்மா உட்கார்ந்திருந்தா மண்டை வெடிச்சிடும் போலிருக்கு. செடியாவது குடுங்க."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்றைக்கே நாற்றுத் தட்டு, வளர்ந்த செடி, தொட்டி, மண்ணுக்குப் பதிலாக வேரைச் சுற்றி வைக்கிற காய்ந்த பாசி, பெயர்ச்சீட்டு, பென்சில் எல்லாம் கொடுத்தேன். பெயர்ச்சீட்டு என்பது விரல் நீள வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை. எந்தத் தாய்க்கும் எந்தத் தகப்பனுக்கும் பிறந்த செடி என்று அதில் எழுதித் தொட்டியில் குத்தி வைப்போம். பேனாவில் எழுதினால் வெயிலில் போய்விடும், பென்சில் போகாது. அவள் பொறுக்குவாள், தொட்டி மாற்றுவாள், பெயர் எழுதுவாள். நான் திறப்பு வழியாக வாங்கி வெளியே மேஜையில் அடுக்குவேன். கடை முன்னைவிட நன்றாக நடந்தது. உங்கள் மருமகள் ஊரில் இல்லை என்கிறீர்கள், ஆனால் செடி என்னமோ அவர்கள் கை பட்ட மாதிரியே இருக்கிறதே என்று ஒரு அம்மாள் சொன்னார். சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்றேன்.

மூன்றாவது மாதம் ஒரு செடி வாடிப்போனது. வேர் அழுகலா என்று பார்க்கத் தொட்டியிலிருந்து தட்டி எடுத்தேன். வேரின் நடுவில், பாசிக்குள் சுருட்டி ஒரு பெயர்ச்சீட்டு இருந்தது. சின்னச் சின்ன எழுத்தில், பென்சிலில்: "நான் இந்தக் கடையின் பின்னறையில் இருக்கிறேன். மாமனார் பூட்டி வைத்திருக்கிறார். படிப்பவர் போலீசுக்குச் சொல்லுங்கள்." கீழே தேதி.

கோபம் வரவில்லை, மேடம். முதலில் மனசு கஷ்டமாக இருந்தது. பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அவள் எப்போதிலிருந்து வயிறாரச் சாப்பிட ஆரம்பித்தாள், எப்போதிலிருந்து தலை வாரிக்கொள்கிறாள், எப்போதிலிருந்து திறப்பு வழியாக என்னோடு நாலு வார்த்தை பேசுகிறாள் என்று கணக்குப் பார்த்தேன். சீட்டில் இருந்த தேதியும் அதுவும் ஒன்றாக இருந்தது. அவளைப் பிழைக்க வைத்தது நான் கொடுத்த சாப்பாடு இல்லை. இந்தச் சீட்டு.

நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னால் எழுதுவதை விட்டுவிடுவாள். விட்டுவிட்டால் மறுபடியும் தட்டு போனபடியே வரும். அதனால் சொல்லவில்லை. அந்தத் தேதிக்குப் பிறகு அவள் கொடுத்த தொட்டிகள் நல்லவேளையாக விற்காமல் மேஜையிலேயே இருந்தன. அவற்றையும், அறையிலிருந்து வருகிற ஒவ்வொரு தொட்டியையும் கழற்றி, வேரைப் பிரித்து, சீட்டு இருந்தால் எடுத்துவிட்டு, அவள் கட்டிய மாதிரியே திரும்பக் கட்டி வைத்தேன். அறுபத்தேழு வயதில், அறுவை செய்த முழங்காலோடு குனிந்து உட்கார்ந்து செய்கிற வேலை. வேரில் ஒரு கீறல் விழக்கூடாது. சீட்டுகளை பிஸ்கட் டப்பாவில் தேதிவாரியாக அடுக்கி வைத்தேன். உங்கள் ஆட்கள் எடுத்துப்போன டப்பா அதுதான். வரிசை கலையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தினமும் மாலையில் அவள் கேட்பாள். "மாமா, என் தட்டுலேர்ந்து இன்னைக்கு எத்தனை போச்சு?"

ஒன்று போயிருக்கும். சில நாள் ஒன்றுகூடப் போயிருக்காது. நான் நாலு என்பேன், ஐந்து என்பேன். திறப்பு வழியாக அவள் முகத்தில் பாதிதான் தெரியும். அந்தப் பாதி முகம் மலரும். ஒரு மனுஷியைச் சந்தோஷப்படுத்த ஒரு எண் போதும் என்றால், சொல்வதில் என்ன தப்பு. யார் வாங்கினார்கள், எப்படிப்பட்டவர்கள் என்றும் கேட்பாள். நானும் சொல்வேன். ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, ஓய்வு பெற்ற நீதிபதி. நீதிபதி என்றதும் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு இன்னொரு கரண்டி கேட்டாள். இந்தச் செடியைப் பூ உதிர்ந்த பிறகுதான் தொட்டி மாற்றுவார்கள், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அது அவளுக்கும் தெரியும். ஒரு தடவை விரலில் எண்ணிக்கொண்டே, "முதல்ல போனதெல்லாம் இந்த மாசம் பூ உதிரும் மாமா" என்றாள். ஆமாம்மா என்றேன்.

சீட்டுகளில் எழுதுவது போகப்போக மாறியது. முதலில் எல்லாம் ஒரே வரிதான். பிறகு, நான் பைத்தியம் இல்லை, கடையில் அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள் என்று. பிறகு, நீங்கள் வாங்கிய செடி மிக நல்ல செடி, இதற்காகவாவது ஒரு போன் செய்யுங்கள் என்று. ஒரு சீட்டில், "அவர் அடிப்பதில்லை. ஆனால் திறக்க மாட்டார்" என்று இருந்தது. அதை மட்டும் டப்பாவில் போடவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். என்னைப் பற்றி அவள் மனசில் வெறுப்பில்லை என்பதற்கு அவள் கையெழுத்திலேயே அத்தாட்சி.

தண்ணீர் ஊற்ற ஒரு அம்மாள் காலையில் வருவார். பின்னறையில் நோய் பிடித்த செடிகள், கிட்டே போனால் துணியில் ஒட்டிக்கொண்டு மற்றதற்கும் பரவும் என்று சொல்லியிருந்தேன். ஒரு நாள், "ஐயா, உள்ள யாரோ இருமுற மாதிரி இருக்கு" என்றார். ஃபேன் பேரிங் தேய்ந்துவிட்டது என்றேன். மறுநாள் கொஞ்சம் பெரிய ஃபேனாக மாட்டினேன்.

என்னையும் பாருங்கள். இருபத்திரண்டு மாதம் நான் எங்கே போனேன். சித்தப்பா மகன் இறந்ததற்குப் போகவில்லை. இரண்டு வேளைக்கு மேல் வீட்டை விட்டு விலக முடியாது. யார் வாசலில் கூப்பிட்டாலும் முதலில் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். சாவி இடுப்பில் உறுத்திக்கொண்டே கிடக்கும். பூட்டு அவளுக்கு மட்டும் போட்டதாக எல்லாரும் பேசுகிறார்கள்.

எட்டாவது மாதம் எனக்கு ஜுரம் வந்தது. எழுந்து நடக்க முடிந்தது, அவளுக்குச் சாப்பாடு கொடுத்தேன், அதில் குறை வைக்கவில்லை. ஆனால் அன்றைய தட்டைப் பிரித்துப் பார்க்க உடம்பில் தெம்பில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மேஜைக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். நான் படுத்திருந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றுகிற அம்மாள் அதிலிருந்து ஒன்றை விற்றுவிட்டார். கடைத்தெருவில் இருக்கிற பல் டாக்டர் வாங்கிப் போனாராம், கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் வைக்க.

மறுநாளே போனேன். அதைவிட நல்ல செடி தருகிறேன், மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். டாக்டர் மரியாதையான மனுஷர். பரவாயில்லை சார், வருகிறவர்கள் எல்லாம் இதைப் பார்த்துத்தான் பயத்தை மறக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். இரட்டை விலை தருகிறேன் என்று சொல்ல முடியுமா. சந்தேகம் வரும். பக்குவம் மட்டும் சொன்னேன். இரண்டு வருஷத்துக்குத் தொட்டி மாற்றக் கூடாது, வேரைத் தொடவே கூடாது என்று.

அதற்கப்புறம் எனக்குப் பல் வலி வர ஆரம்பித்தது. நிஜமாக இல்லை. போய் உட்கார்ந்து செடியைப் பார்க்க ஒரு காரணம் வேண்டும் அல்லவா. பதினாலு மாதத்தில் ஒன்பது தடவை போனேன். இரண்டு நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். டாக்டர் தயங்கினார், நான்தான் வலி தாங்கவில்லை என்றேன். ஒவ்வொரு தடவையும் அந்தத் தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவேன். யாரும் இல்லாத நேரம் ஒரு நிமிஷம் கிடைத்தால் போதும், எடுத்துவிடலாம். அந்த வரவேற்புப் பெண் ஒரு நிமிஷம்கூட எழுந்து போகமாட்டாள். சொன்னால் சிரிப்பீர்கள், அவள் சம்பளத்துக்கு அவ்வளவு பொறுப்பாக வேலை செய்கிற பெண்ணை நான் பார்த்ததில்லை.

நேற்று முன்தினம் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். வாய் திறந்து, இரண்டு பக்கமும் பஞ்சு, கண்ணுக்கு மேல் விளக்கு. வெளியே ஏதோ விழுந்து உடைகிற சத்தம். யாரோ ஒருவரின் குழந்தை மேஜை விரிப்பை இழுத்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. வரவேற்புப் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் அந்தச் சீட்டு. டாக்டர் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். பிறகு முகமூடியைக் கீழே இறக்கினார்.

"சார், உங்க கடையில பின்னாடி ஒரு அறை இருக்கா?"

நான் தலையாட்டினேன்.

"உள்ள உங்க மருமக இருக்காங்களா?"

அதற்கும் தலையாட்டினேன். ஏன் மறைக்கவில்லை என்று எல்லாரும் கேட்கிறீர்கள். பொய் சொல்வது என் வழக்கமில்லை. அதுவரைக்கும் யாரும் என்னிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் வந்தீர்கள். சாவி என் இடுப்பில்தான் இருந்தது, நானே திறந்துவிட்டேன். அவள் வெளியே வந்தாள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள். நீங்கள் தோளைப் பிடித்தீர்கள், அவள் உங்கள் கையை மெதுவாக விலக்கிவிட்டு நேரே விற்பனை மேஜைக்குப் போனாள். அவள் ஏன் அங்கே போனாள் என்று உங்களுக்கு அப்போது புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. ஒரு தொட்டியை எடுத்துத் தட்டிச் செடியை வெளியே எடுத்தாள். வேருக்குள் விரலை விட்டாள். கீழே வைத்தாள். அடுத்த தொட்டி. அடுத்தது. ஐந்தாவது செடியை அவள் வைக்கவில்லை, அது கையிலிருந்து தானாக விழுந்தது.

திரும்பி என்னைப் பார்த்தாள். "எத்தனை மாமா?"

"நூத்தி எண்பத்து மூணும்மா" என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணே ஒண்ணு தவறிடுச்சு."

"அப்போ நாலு, அஞ்சுன்னு சொன்னது? அந்த நீதிபதி?"

"நீ சாப்பிடணும்மா" என்றேன்.

அவள் அழவில்லை. மண் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து உங்கள் கையைப் பிடித்து எழுந்து, என்னைத் தாண்டிப் போய் வண்டியில் ஏறினாள். இருபத்திரண்டு மாதத்தில் அவள் என் முன்னால் பேசாமல் போனது அது ஒரு தடவைதான்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். கதவைப் பூட்டியது நான். அண்ணனிடமும் குடுவைக்காரரிடமும் சொன்னது நான். சீட்டுகளை எடுத்தது நான், ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் எடுத்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. தண்ணீர் ஊற்றுகிற அம்மாளைத் தொந்தரவு செய்யாதீர்கள். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

அவளுக்கு என்மேல் கோபம் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. கோபம் தணிய நாளாகும். அண்ணன் முகத்தில் விழிக்க மாட்டாள், குடுவைக்காரர் வேறு ஆளை வேலைக்கு வைத்துவிட்டார். போக வேறு இடம் ஏது. உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள், மேடம். கண்ணாடிக் கூடத்துக்கு சீல் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள், அது உங்கள் கடமை. வீட்டு வாசலையாவது பூட்டாமல் வையுங்கள். அவள் திரும்பி வரும்போது கதவு பூட்டியிருந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பாள்.